முட்டி வலியும் முறைத் தண்ணீரும்

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. ரேஷன் கடையில் வாங்கிய சர்க்கரையை வீட்டுக்கு வந்து இன்னொரு முறை நிறுத்துப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனிடம், ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சின்னதாக்கினால் எடை இறங்கி முட்டி வலி குறையும் என்று சொன்னால் நம்புவேனா? வலிக்கிறது முட்டி, கத்தி வைப்பது வயிற்றிலா என்று திருச்சி டாக்டரிடம் நேராகவே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நூற்று இருபத்தாறு கிலோவையும் சுமப்பது உங்கள் முட்டிதானே என்றார். பதினேழு வருஷம் மஸ்கட்டில் கிரேன் ஓட்டியபோது ஏறிய எடை அது. உட்கார்ந்த இடத்தில் வேலை, இறங்கினால் பரோட்டா. ஊர் திரும்பி, பாபநாசம் பக்கத்தில் அப்பா விட்டுப்போன பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம் நிலத்தில் பயிர் வைத்தேன். வரப்பில் நூறடி நடப்பதற்குள் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது.

வரப்பில் நடக்க முடியாதவன் நிலத்தை வைத்துக்கொள்ள முடியாது. இது என்னைவிட என் பங்காளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பெரியப்பா மகன். என் நிலத்துக்குக் கீழே, அதே வாய்க்காலில் அவருக்கு நிலம். யார் வயலுக்கு எப்போது பாய்வது என்ற முறைத் தண்ணீர்த் தகராறில் நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. என் முட்டி விஷயம் ஊரில் பரவிய மாதமே, குத்தகைக்கு விடுவதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லும்படி ஆள் அனுப்பினார். அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். தான் சொல்லித்தான் நான் ஒப்புக்கொண்டேன் என்று சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆபரேஷனுக்கு முன்பே பயிற்சி ஆரம்பமானது. மகள் வயதில் ஒரு பிசியோதெரபிப் பெண். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்கச் சொன்னாள். வலித்தால் நிறுத்திவிடுங்கள் என்றாள். வலிக்காத வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. இவளுக்கு வேலை தெரியவில்லை என்று முடிவுகட்டி, வீட்டில் இரண்டு மடங்கு செய்தேன். மறுநாள் முட்டி வீங்கிப்போய் கழிவறைக்குக்கூட மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். அப்புறம் சொன்ன எண்ணிக்கையைத் தாண்டவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. அரை டம்ளர் பருப்புத் தண்ணீரை அரை மணி நேரம் குடிக்கும் நாட்கள் வந்தன. எடை இறங்கியது. மருந்துக்கடை மெஷின் பொய் சொல்கிறதோ என்று ரைஸ் மில் தராசிலும் ஏறிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையே காட்டின.

தையல் போட்ட இடம் நன்றாக ஆறி டாக்டரும் சரி என்ற பிறகு, தண்ணீருக்குள் நடந்தால் முட்டியில் பாரம் தெரியாது என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்டாள். எங்களுக்கு ஏது நீச்சல் குளம்? ஆனால் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு காலையில் இறங்கினேன். வலியில்லாமல் இருபதடி நடந்ததும் அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பார்த்தால் கரையில் பங்காளி நிற்கிறார். நான் நடந்த இடம் என் மடைக்குப் பக்கம். முறை வைத்துத் தண்ணீர் விடும் நேரத்தில் ஒருவன் மடையருகே நின்று காலை ஆட்டினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: முறையில்லாத தண்ணீருக்கு மடைப்பலகையைக் காலால் நெம்புகிறான். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அவர் பலகையைப் பார்க்கவில்லை, தண்ணீருக்குள் என் முட்டி அசைவதையே பார்த்தார். இவன் எப்போது விழுவான், நிலம் எப்போது கைக்கு வரும் என்று பார்க்கிறார் என எனக்குப் பட்டது. தினமும் வந்தார். நானும் வீம்புக்கு இரண்டு நடை கூடுதலாக நடந்தேன்.

அப்புறம் ஒரு வாரம் ஆளைக் காணோம். வந்து நின்றதைவிட வராதது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. மடையில் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருப்பதாகவும் தோன்றியது. கீழே வாய்க்காலைத் தோண்டி ஆழமாக்கி என் தண்ணீரை இழுக்கிறார், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று வரப்போடு வேகமாகப் போனேன். வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் நிலத்துக்கு எதிரே, தென்னைமரப் பாலத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வாய்க்கால் ஓரத்தில், முழங்காலுக்குக் கீழான தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மண்வெட்டி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை முழுசாக மடக்கி உட்கார்ந்தார், எழுந்தார், திரும்பவும் உட்கார்ந்தார். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. எழும்போது முட்டி இரண்டும் வீங்கியிருப்பது தெரிந்தது. என் நிலம் கிடக்கட்டும், இந்த முட்டியோடு அவரால் தன் நிலத்தையே சுற்றி வர முடியாது. தினமும் கரையில் நின்று பார்த்தது இதற்குத்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அண்ணே, அவ்வளவு மடக்காதீங்க. வலிச்சா நிறுத்திடணும்."

நாலு வருஷம் கழித்து அவரிடம் பேசியது அதுதான். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வலிக்காம என்னடா வைத்தியம்?"

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா என்பது அப்போது ஞாபகம் வந்தது. இறங்கி அவர் பக்கத்தில் நின்று, காலை எவ்வளவு தூக்கினால் போதும் என்று காட்டினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்த முட்டியை வைத்துக்கொண்டா என் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டீர்கள் என்றேன்.

"நீ வேற எவனுக்காச்சும் விட்டுட்டேன்னா, புது ஆளோட தண்ணிக்கு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லடா. உன்னோடன்னா பழகிப்போச்சு."

காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், பத்து வரைக்கும் நான் எண்ணுகிறேன் என்று சொன்னேன். எண்ணினேன். நான் சரியாகத்தான் எண்ணுகிறேனா என்று அவர் உதட்டுக்குள் தனியாக எண்ணிக்கொண்டிருந்தார்.