கினிப்பன்றிக் குட்டியின் கண்

கினிப்பன்றிக் குட்டிகள் கண் திறந்தபடியே பிறக்கும் என்று சின்னம்மா எனக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அதனால் தேயிலைப்பெட்டிக்குள் வைக்கோலை விலக்கியபோது இரண்டு குட்டிகள் என்னை நிமிர்ந்து பார்த்ததில் எனக்கு வியப்பில்லை. மூன்றாவது குட்டி ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது. மற்றக் கண் நீர் வடிந்து, ஒட்டிக் கிடந்தது.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை; எங்களோடுதான் இருந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் படிப்பித்தார். இடம்பெயர்ந்து வந்த சனங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியபோது, ஆய்வுகூடத்தில் இருந்த கினிப்பன்றிச் சோடியைச் சைக்கிள் கூடையில் வைத்து இணுவிலில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மாவுக்கு அவை வாலில்லாத எலிகள். மனிதர் தின்னக்கூடிய கரட் கிழங்கை எலிக்குப் போடுகிறார்களே என்று நாள்தோறும் முணுமுணுப்பார்.

சின்னம்மா குட்டியை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கீழ் இமை உட்பக்கமாக மடிந்து, அதன் மயிர் விழியில் உரசிக்கொண்டிருந்தது. கருவிழியில் பால் சிந்தியது போல ஒரு மங்கல்.

“இப்பிடியே விட்டால் கண் போயிடும். கொதிச்சாறின தண்ணியாலை துடைச்சு, இமையை மெல்ல வெளியிலை இழுத்துவிடோணும். பிறகு மருந்து பூசோணும். அடிக்கடி செய்யோணும். நீதான் செய்யப்போறாய்.”

“நானோ? எனக்குப் பயம், சின்னம்மா. கண்ணைக் குத்திப்போடுவன்.”

“பயந்த ஆக்கள்தான் கவனமாச் செய்வினம். போய் நகத்தை வெட்டிப்போட்டு வா.”

என் பெருவிரலைத் தன் விரல்களுக்குள் பிடித்து, எவ்வளவு மெல்ல இழுக்கவேண்டும் என்று காட்டினார். குட்டி கீச்சிட்டது.

அந்த வாரமே சின்னம்மா வீட்டில் இல்லை. சாவகச்சேரியில் ஒரு கலியாணவீடு என்று எனக்குச் சொன்னார்கள். உண்மையில் அவர், தன்னோடு படிப்பித்த இரண்டு இளம் ஆசிரியைகளுடன் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, வவுனியா வழியாகக் கொழும்புக்குப் போகப் புறப்பட்டிருந்தார். போரால் தரைப்பாதை மூடிக்கிடந்த காலம் அது. கடலேரியில் கடற்படையினர் படகுகளை நோக்கிச் சுடுவார்கள். புறப்பட்ட படகெல்லாம் கரை சேர்வதில்லை. பள்ளிக்கூடத்தில் போய் உளறிவிடுவேன் என்று என்னிடம் மறைத்தார்கள். நான் வளர்ந்து பெரியவளான பிறகுதான் இதையெல்லாம் அறிந்தேன்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வீடு முழுவதும் பயந்துபோயிருக்கிறது என்பதுதான். அம்மா அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு அடிப்பிடிக்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். “அதுக்கு என்ன நடந்துதோ தெரியேல்லையே” என்று தனக்குத்தானே சொல்லுவார். எங்கள் ஊரில் செல்லமானவர்களையும் பாவப்பட்டவர்களையும் ‘அது’ என்றுதான் சொல்லுவோம். என் கையில் இருந்ததும் ஒரு ‘அது’தான். எலி என்று திட்டிய அம்மாவே இப்படிக் கலங்குகிறார் என்றால் குட்டியின் நிலைமை நான் நினைத்ததைவிட மோசம் என்று எனக்கு விளங்கியது. கையைக் கழுவிக் கழுவித் தோல் சுருங்கிப்போனது.

சின்னம்மா தந்துவிட்டுப் போன மருந்துக் குழாய் தீர்ந்து ஒட்டிப்போனது. அப்பாவிடம் கேட்டேன். “சுன்னாகத்திலை விசாரிச்சுப் பாக்கிறன்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போனார். கடலேரிக்கு அக்கரையிலிருந்து சாமான் கொண்டுவரும் வியாபாரிகள் அங்கேதான் வந்துசேருவார்கள். திரும்பி வரும்போது நான் வாசல் படலையடியில் நிற்பேன். எனக்குப் பின்னால் அம்மா நிற்பார்.

“கிடைச்சுதோ, அப்பா?”

“இல்லைப் பிள்ளை. இண்டைக்கும் ஒண்டும் இல்லை.”

என்னிடம்தான் சொன்னார். ஆனால் அம்மாதான் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு பின்னேரம் நான் குட்டியின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குண்டுபோடும் பொம்மர் விமானம் வந்தது. இரைச்சல் கேட்டதும் அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார். “கெதியா வா!” குட்டியைச் சட்டைக்குள் பொதிந்துகொண்டு, முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் விழுந்தேன். எங்கோ பக்கத்தில் குண்டு விழுந்தது. மேலே அடுக்கியிருந்த பனங்குற்றிகளின் இடுக்கால் மண் பொலபொலவென்று கொட்டியது. என் தலையில் விழட்டும், அதன் கண்ணில் விழக்கூடாது என்று குனிந்து கையால் மூடினேன். மூடிய கையே அதை நசுக்கிவிடுமோ என்றும் பயம். குட்டியின் நெஞ்சு என் விரல்களுக்குள் படபடத்தது. அதுவா நானா நடுங்குவது என்று தெரியவில்லை.

பக்கத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “முருகா, அதைக் காப்பாத்து. அது சின்னன். அதுக்கு ஒண்டும் வரக்கூடாது.” குண்டு விழும்போது தன்னையும் மறந்து, என்னையும் மறந்து, என் குட்டிக்காக நேர்ந்துகொள்ளும் ஒரு அம்மா வேறு யாருக்கு இருக்கிறார்!

மருந்து கிடைக்கவேயில்லை. தண்ணீரையும் விரலையும் வைத்துக்கொண்டு நான் பயந்து பயந்து செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு காலை, குட்டியைத் தூக்கியபோது இமை தானாகவே வெளியே நின்றது. மங்கல் மெலிந்து, விழி நனைந்த கறுப்பு விதைபோலப் பளபளத்தது. விரலை அசைத்தேன். அந்தக் கண் விரலோடு நகர்ந்தது.

அம்மாவிடம் சொல்ல ஓடினேன். அதே நேரம் அப்பா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். சைக்கிளை நிறுத்தாமல் அப்படியே விழவிட்டார்.

“அது தப்பீட்டுது” என்றார்.

அம்மா நின்ற இடத்திலேயே குந்திவிட்டார். நான் சொல்லுமுன் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. “ஓம் அப்பா, தப்பீட்டுது! கண் நல்லாத் தெரியுது!” என்று துள்ளினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

“மற்ற ரெண்டும்?”

விழுந்து கிடந்த சைக்கிளின் சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் பதில் சொல்லாமல் நிற்கிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

“மற்ற ரெண்டுக்கும் ஒரு நோய் வருத்தமும் இல்லை, அம்மா. நல்லாப் புல்லுத் தின்னுதுகள்.”

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். உள்ளே ஓடி, தேயிலைப்பெட்டியை முற்றம்வரை இழுத்துவந்து, அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

“எண்ணிப் பாருங்கோ” என்றேன். “மூண்டும் இருக்குதுகள்.”