வாசலை மூடிய வலை

அந்தக் காலையில் வலையில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு அகலம். கதவில்லாத வாசலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இழுத்துக் கட்டியிருந்தது. நடுவில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய சிலந்தி ஒன்று, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, தலைகீழாக அசையாமல் இருந்தது. அதைப் பார்த்தபடியே நான் போனில் சூப்பர்வைசரிடம் சொன்னேன்: "இந்தப் பக்கம் யாரும் வரலீங்க சார். வலை அப்படியே இருக்குதுங்க."

நான் அப்போது அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். காணாமல் போனவர் எங்கள் அயர்ன் மாஸ்டர். அறுபதை நெருங்கியவர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடுதான் நாள் முழுவதும் நிற்பார். நான் பார்க்காமல் விட்ட ஓட்டையோ கறையோ அவர் கண்ணில் பட்டால் சத்தம் போட மாட்டார். துணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இது உன்ர கண்ணுக்குத் தப்பிச்சுட்டாட்ட இருக்குது, கண்ணு" என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த துணியை இரண்டு முறை புரட்டிப் பார்ப்பேன்.

அன்று வேலை தொடங்குவதற்கு முன்பே அவருடைய மனைவி கேட்டில் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங் அம்மிணி, நேத்து அவரு ஊட்டுக்கே வரலீங்க. போன் அடிச்சுட்டே இருக்குது, எடுக்க மாட்டீங்கறாரு" என்றார். வேலை முடிந்து எங்களை வீட்டில் விட இரண்டு வேன்கள். அவர் மற்ற வேனில் ஏறிவிட்டார் என்று ஒவ்வொரு டிரைவரும் நினைத்திருக்கிறார்கள். போன் ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆளுக்கொரு பக்கம் தேடினோம். பாத்ரூம், குடோன், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார்கள். எனக்கு விழுந்தது பின்பக்கம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஓடாத மெஷின்களைப் போட்டு வைக்கும் தகரக் கொட்டகை. அதன் வாசலில்தான் அந்த வலை. உள்ளே இருட்டாக இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. என் பேச்சை நம்பி எல்லாரும் வெளியே தேடப் போனார்கள். சிலர் பஸ் ஸ்டாண்டுக்கு, சிலர் ஆஸ்பத்திரிகளுக்கு.

மதியச் சாப்பாட்டின்போது அந்த வலையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒடிசாவிலிருந்து வந்திருந்த தையல்காரப் பெண் ஒருத்தி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அக்கா, அது தினம் புதுசு போடும். பழசு சாப்பிடும், புதுசு போடும். எங்க ஊர்ல நான் பாத்திருக்கு" என்றாள்.

கழுவாத கையோடு ஓடினேன். வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனபோது அது முகத்தில் ஒட்டியது. வாசலிலிருந்து பத்தடிகூட இருக்காது. அயர்ன் டேபிளில் விரிப்பதற்காகப் பழைய கம்பளி எடுக்கப் போனவர், அதைப் பிடித்தபடியே சாய்ந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவை என்னையே பார்த்தன.

பக்கவாதம் என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கையாவது மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. பார்க்கப் போயிருந்தேன். குழறிக் குழறி அவரே சொன்னார்.

"நான் உள்ள போறப்ப மூஞ்சில பட்டு அறுந்து போச்சு கண்ணு. விடியறதுக்கு முன்னால அது எறங்கி வந்துது. தொங்குனதையெல்லாம் தின்னுட்டு, சுத்திச் சுத்திப் புதுசாப் போட்டுது. காம்பவுண்டு லைட் வெளிச்சத்துல பாத்துட்டே கெடந்தேன். என்னய உள்ள வெச்சு மூடறாப்பல இருந்துது."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "நீ வந்து பேசுனது கேட்டுச்சு. இடது கைல தகரத்தத் தட்டுனேன். உனக்குக் கேக்கலியா?" என்றார்.

கேட்டது. உள்ளே எங்கோ தகரம் மெல்ல மூன்று முறை ஒலித்தது. ஓணான் ஏதாவது ஓடியிருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சிலந்தியைத் தாண்டி அந்த இருட்டுக்குள் போகப் பயந்தேன். ஓணான் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"இல்லீங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரி கண்ணு" என்றார்.

அதன்பின் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். போன ஆடியில் அவர் இறந்துவிட்ட செய்தி வந்தபோது போகாமல் இருக்க முடியவில்லை. அவருடைய மனைவி என் கையைப் பிடித்து அருகில் உட்கார வைத்துக்கொண்டார். சற்று உரக்க, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார். ஏன் அப்படிப் பேசுகிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

"உங்களப் பத்திக் கடேசி வரைக்கும் சொல்லீட்டே இருந்தாருங்க. அந்தப் புள்ளைக்குக் காது மந்தமாட்ட இருக்குது, மெஷின் சத்தத்துலயே கெடக்குது, பாவம், ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லோணும்னு. இப்ப எப்படிங் அம்மிணி இருக்குது காது?"

"பரவாயில்லீங்க" என்றேன்.