அவருக்குச் சாராயம் வைக்காதீங்க

செத்துப்போன என்ட புருசனைக் குடிவெறிகாரன் எண்டு சொன்ன வாயெல்லாம் நல்லா இருக்கட்டும். நான் சாபம் போடல்ல. ஆனா எட்டாம் நாள் படையலில நடந்ததைச் சொல்லாம என்னால இருக்க ஏலாது, நெஞ்சு வெடிச்சிரும்.

அவர் அறுகம்பேயில ஒரு ஹோட்டல் பாரில வேலை. அலையில விளையாட வாற வெள்ளைக்காரரிட்ட வாயைக் கிளறுவார். உங்கட ஊரில என்ன குடிக்கிற, ஆர் செய்யிற, என்னத்துல செய்யிற எண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தச் சனமும் அடுத்த சீசனுக்கு வரக்குள்ள ஒரு போத்தலைச் சுத்திக் கட்டிக் கொண்டு வந்து குடுக்கும். லீவில பாண்டிருப்பு வீட்டுக்கு வந்தா, பின் வளவில கதிரையைப் போட்டு, கீரிமீன் பொரியலோட அரைக் கிளாஸ். அவ்வளவுதான். மூடி வச்சிருவார். ஒரு நாள் தள்ளாடி நடந்திருப்பாரா? கேளுங்க, கல்முனை முழுக்கக் கேளுங்க!

ஜேர்மனியில ஒரு ஊரில தானியத்தைப் புகையில காயவச்சுத்தான் பியர் காய்ச்சுவாங்களாம். அதைத் திறந்த அண்டைக்கு வீடெல்லாம் கருவாடு சுட்ட மணம். பக்கத்து வீட்டுப் பூனை வந்து இவர்ட காலைச் சுத்துது. ஜோர்ஜியா எண்டொரு நாட்டில வைனைச் சாடியில ஊத்தி மண்ணுக்குள்ள புதைப்பாங்களாம். வெறும் தேத்தண்ணி நிறத்துல இருந்த அந்த வைனைச் சொட்டுச் சொட்டா வாயில வச்சு, "செல்லத்தங்கம், இதுல அந்த ஊர் மண் கிடக்கு கா" எண்டு என்னட்டச் சொன்னார். மண்ணைத் திண்ட புள்ளைய அடிக்கிற ஊரில இப்பிடி ஒரு மனிசன்.

என்னைவிட்டா, இதையெல்லாம் கேக்க ஒரே ஒராள். சாய்ந்தமருது பக்கீர் முகைதீன், மீன் யாவாரி; அண்ணன் முறையில நான் காக்கா எண்டுதான் கூப்பிடுற. அவர் குடியைத் தொடமாட்டார், இவர் நீட்டவும் மாட்டார். நான் அவருக்குப் பிளேன்டீ ஊத்திக் குடுப்பன். "அல்லாஹ் காப்பாத்தணும், உன்ட கதையக் கேட்டாலே தலை சுத்துது" எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு, அடுத்த கிழமையும் வந்து குந்துவார்.

என்ட புருசன்ட தமையன் அமிர்தலிங்கம் அத்தான் வேற மாதிரி. சாராயத்தை ஒரே மடக்கில விழுங்கிப் போட்டு மூஞ்சியைச் சுளிக்கிற ஆள். தம்பி ஊத்திக் குடுத்ததை ஒரு வாய் குடிச்சுத் துப்பிப் போட்டு, "அரிசி கழுவின தண்ணி" எண்டார். தம்பி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு பாரிலேயே விழுந்து செத்துப் போனதுக்கு, "குடிச்சே செத்தான்" எண்டு செத்த வீட்டில முதல் ஆளாச் சொன்னதும் அவர்தான்.

எட்டாம் நாள், செத்தவர் விரும்பினதையெல்லாம் படத்துக்கு முன்னால வச்சாத்தான் அந்த மனம் ஆறிப் போகும். அலுமாரிக்குள்ள ஒரு போத்தல் கிடந்திச்சு. பெல்ஜியத்துக் கிழவர் ஒராள் ரெண்டு குடுத்தவர். மரப் பீப்பாவில வருசக்கணக்காக் கிடந்த புளிப்புப் பியர். இவர் ஒண்டை ருசி பார்த்திட்டு, மற்றதைப் பழசாகட்டும் எண்டு வச்சவர். அதை நான் திறந்து ஒரு கிளாசோட படையலில வச்சிட்டு, பொரியல் பார்க்கக் குசினிக்குப் போனன்.

திரும்பி வந்தா போத்தல் வெறுசு. முருங்கை மரத்தடியில நுரை. படத்துக்கு முன்னால பெரிய சாராயப் போத்தல்!

"ஆர் ஊத்தின?"

"நான்தான்," எண்டார் அத்தான். "மணந்து பார்த்தன், புளிச்சுப் பழுதாப் போயிட்டு. பழுதான சாமானைச் செத்தவனுக்குப் படைக்கலாமா? பாவம் பிடிக்கும்."

வந்த சனமெல்லாம் ஓம் ஓம் எண்டு தலையாட்டிச்சு. முறைப்படி பார்த்தா அவர் சொன்னது சரி, பழுதானதைப் படைக்கப்படாது. அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்திச்சு. சாராயப் போத்தலை எடுத்து அவர்ட கையில திணிச்சன். "அவருக்குச் சாராயம் வைக்காதீங்க. ஆசையெண்டா நீங்க கொண்டுபோய்க் குடியுங்க!"

"அப்ப வெறும் கிளாசையா வைக்கிற?"

முற்றத்துல கதிரையில இருந்த காக்காவைக் கூப்பிட்டன். "காக்கா, இந்தப் போத்தலைப் பத்தி என்ட புருசன் என்ன சொன்னவர்? இந்தச் சனத்துக்குச் சொல்லுங்க."

தொப்பியைத் தொட்டுக்கொண்டு எழும்பினார். "தங்கச்சி, நான் குடிக்கிறவன் இல்லையே..."

"குடிக்கவா சொன்னன்? சொல்லுங்க!"

"பச்சை மாங்காயைக் கடிச்ச மாதிரி முதல்ல பல்லுக் கூசும் எண்டான். பிறகு பழைய மரப்பெட்டியைத் திறந்த மணம் வருமாம். புளிப்பைப் பார்த்துப் பழுது எண்டு நினைக்கப்படாது, அதுதான் அதுட ருசி எண்டான்." அத்தானைக் கண்ணால காட்டினார். "அண்ணனுக்கு எண்டுதான் வச்சிருந்தான் தங்கச்சி. இன்னும் கொஞ்சம் பழசாகட்டும், இதையாவது அண்ணன் துப்பாமக் குடிப்பார், ஒரு பின்னேரம் என்னோட இருந்து கதைப்பார் எண்டான்."

எனக்கே தெரியாத கதை.

அத்தான் சாராயப் போத்தலைக் கீழ வச்சார். முருங்கையடிக்குப் போய், ஈர மண்ணுக்குப் பக்கத்தில குந்தினார். தோள் குலுங்கிச்சு. போய் ரெண்டு வார்த்தை சொல்லு கா எண்டு பொம்புளையள் என்னைத் தள்ளினாங்க.

நான் போகல்ல. அழட்டும் எண்டு விட்டுட்டன்.