குரைக்காத நாயும் ஒரு மானும்

கடித்த செம்பருத்தி இலையின் பச்சை வாசனையும் ஈரமண்ணில் கிடக்கும் புழுக்கையின் வாடையும் கலந்து வந்தால், விடியலிலேயே மான் தோட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பென்னலூர் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த பூந்தோட்டம் அது. அதற்கு அப்பால் இருந்த முள்ளுக்காட்டைத் தொழிற்சாலைக்காக ஜேசிபி வைத்து அழித்தபோது, போக்கிடமில்லாமல் வந்த பெட்டைப் புள்ளிமான் ஒன்று முதலில் வேலியோரம் நின்று பார்த்தது, பிறகு உள்ளே வந்து மேயவே தொடங்கிவிட்டது.

சாமிக்கென்று விட்டிருந்த பூமொட்டுகளையெல்லாம் தின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அதன் வயிறு பெருத்திருப்பதைக் கண்ட அன்று அம்மா மாறிப்போனாள். மாசமாக இருப்பவள் வீட்டுக்கு வந்தால் வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்ற வழக்கத்தை மானுக்கும் வைத்து, அரிசி கழுவிய தண்ணீரும் முருங்கைக்கீரையும் கொடுத்தாள். "மருமகளுக்கு இன்னிக்கு இன்னா சமையல்?" என்று அப்பா கேலி செய்வார். மானைக் கண்டு குரைத்த எங்கள் நாய் மணியைத்தான் அவள் சும்மா விடவில்லை. "கத்தாதடா, அது நம்ம வூட்டுப் பொண்ணு" என்று தலையில் தட்டித் தட்டியே அடக்கினாள். கடைசியில் முல்லைப் பந்தலின் கீழ் மணி படுத்திருக்க, அதன் வாலைத் தாண்டிப் போய் மான் மேயும். அதைப் பார்த்து நின்றே பள்ளிக்கூட பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

ரோட்டோரம் சாப்பாட்டுக் கடைகள் பெருகின, எச்சில் இலைக்குத் தெருநாய்கள் கூடின. ஒரு காலையில் அவை கூட்டமாக வேலிக்குள் நுழைந்தபோது மணி குரைக்கவில்லை; மானும் ஓடவில்லை. மணியைப் பார்ப்பது போலவே அவற்றையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி இலையில் வாய் வைத்தது. அம்மா துடைப்பத்தோடு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. வயிற்றில் இருந்ததும் பிழைக்கவில்லை. வனத்துறை ஆட்கள் வந்து தூக்கிப்போன பிறகு, "அதுக்கு நான்தான் பயமில்லாம பண்ணிட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இப்போது தோட்டமும் இல்லை, முள்ளுக்காடும் இல்லை. அந்த இடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். இங்கே மான் மேய்ந்தது என்றால் சிரிக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தி மாடிப்படியில் ஒரு பூனைக்குட்டிக்குப் பால் ஊற்றினாள். அம்மா கையைத் தட்டி அதை விரட்டினாள். பாவம், ஏம்மா விரட்டுகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, குட்டி ஓடிய பக்கமே பார்த்துக்கொண்டு அம்மா சொன்னாள்:

"பயந்துகினே இருக்கட்டும்மா. அப்பதான் உசுரோட இருக்கும்."