ஐம்பது ஏக்கர் ராஜா

என் மாமனார் ஆறு வருஷமாக என்னிடம் நேராகப் பேசியதில்லை. கேரித் தீவுத் தோட்டத்திலிருந்து கே.எல். நகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே என் மனைவியிடம், "அவரு சாப்ட்டாரான்னு கேளும்மா" என்பார். நானும் சளைத்தவனில்லை. "சாப்ட்டாச்சுன்னு சொல்லு" என்பேன். நடுவில் அவளுக்குத் தபால்காரி வேலை.

எல்லாம் நிச்சயதார்த்தத்தால் வந்த வினை என்றுதான் நினைத்திருந்தேன். காப்பார் ஊரில் பெண் வீட்டார் காத்திருந்த கோயில் மண்டபத்தை விட்டுவிட்டு, வேறொரு கோயில் மண்டபத்துக்குள் தட்டுகளோடு நுழைந்து, யார் வீட்டு நிச்சயத்திலோ அரை மணி நேரம் உட்கார்ந்து சிராப் தண்ணீர் குடித்தவன் நான். "இவர நம்பி ஒரு வேலையும் குடுக்க முடியாது லா" என்று மாமா அன்று சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டதாம்.

ஆகவே ஒரு மாபெரும் ராஜா படம் வந்ததும், நானே டிக்கெட் எடுத்து அவரையும் மனைவியையும் கூட்டிப்போய் போன மானத்தை மீட்பது என்று முடிவு செய்தேன். கிள்ளானில், ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. "இந்தத் தடவையாச்சும் சரியா பாத்து எடுங்க" என்றாள் மனைவி. போஸ்டரை நன்றாகத்தான் பார்த்தேன்.

விளக்கு அணைந்தது. ஒரு மலை பிளந்தது. உள்ளிருந்து ஒரு குதிரை வந்தது, அதன் மேல் கதாநாயகன் சட்டை இல்லாமல் வந்தான். சட்டை போட்டால் அத்தனை நாள் ஜிம்முக்குப் போனது வீணாகிவிடுமே. வாயைத் திறந்தான். தெலுங்கு. ஒரே படத்தைத் தமிழில் ஒரு காட்சி, தெலுங்கில் ஒரு காட்சி என்று ஓட்டுகிறார்கள். நான் தெலுங்கை எடுத்திருக்கிறேன். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னொரு மலை பிளந்திருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா திரையைப் பார்த்தபடியே, "கண்ணாடிய வீட்ல வச்சிட்டேன். கீழ ஓடுற மலாய் எழுத்து தெரியல" என்றார். அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காலி நாற்காலி. என்னிடம்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

மலாயைப் படித்து, தமிழாக்கி, அவர் காதில் சொல்லத் தொடங்கினேன்.

"ராஜா சத்தியம் பண்றாரு மாமா."

"எதுக்கு?"

எதற்கென்று நான் படிப்பதற்குள் எழுத்து ஓடிவிட்டது. "நிலத் தகராறு" என்றேன்.

"எத்தன ஏக்கரு?"

"அம்பது."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு சாம்ராஜ்யங்களும், ஒரு பட்டாளம் யானைகளும், வானத்திலிருந்து இறங்கிய ஒரு முனிவரும் அந்த ஐம்பது ஏக்கருக்காகவே அடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. றெக்கை வைத்த சிங்கம் ஒன்று பறந்து வந்தபோது, "இது யாரு?" என்றார். "நில ஆபீஸ்லேருந்து அளக்க வந்திருக்கு" என்றேன். "ம்" என்று கேட்டுக்கொண்டார். மூன்று மணி நேரத்தில் என் தொண்டை வறண்டு போனது. கடைசியில் யாரோ யாரையோ முதுகில் குத்த, முதல் பாகம் முடிந்தது.

வெளியே வந்ததும் ஒரு பெண்மணி மாமாவை நிறுத்தித் தெலுங்கில் ஏதோ கேட்டார். மாமா லிப்ட் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, சரளமான தெலுங்கில் நாலு வாக்கியம் சொல்லி அனுப்பிவைத்தார். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"எங்க தோட்டத்துல பாதி லயத்து வீடு தெலுங்கு ஜனங்கதான்" என்றார் மாமா. "சின்ன வயசுலேருந்து பேசுறேன்."

"அப்பறம் ஏன் மாமா எங்கிட்ட கதை கேட்டீங்க?"

"ஆறு வருஷமா நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசல மாப்ள. கே.எல். ஆளு, நம்மள புடிக்கல போலன்னு நெனச்சிக்கிட்டேன். இன்னைக்கிதான் பேசுனீங்க. நடுவுல பூந்து எனக்குத் தெலுங்கு தெரியும்னு சொல்லுவேனா?"

காரை எந்த மாடியில் விட்டேன் என்பது எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. மூன்று பேரும் மாடி மாடியாகத் தேடினோம். மாமா என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"அது சரி மாப்ள, அந்த அம்பது ஏக்கரு கடைசில யாருக்குப் போவுது?"

"அது ரெண்டாம் பாகத்துல மாமா."

"அதையும் தெலுங்குலயே எடுங்க" என்றார்.