நாலாக மடித்த சீட்டு

மைசூரில் நான் துப்புரவு வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், போதைப்பொருள் பற்றிப் பேச ஒரு பெண் போலீஸ் வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய பூட்ஸ். பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்த கேள்விச் சீட்டுகளை மனசுக்குள் ஒருமுறை படித்துவிட்டுத்தான் சத்தமாகப் படித்தார். பதில் சொன்னதும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு சீட்டில், "ஒரு தடவை எடுத்துட்டேன். வீட்டுக்குத் தெரியாம நிறுத்த முடியுமா?" என்று கன்னடத்தில் எழுதியிருந்தது.

"முடியும். தனியா வேண்டாம், என்கிட்ட வா" என்றார்.

ஒன்பதாம் வகுப்பு வரிசையில் என் மகளும் இருந்தாள். யாரிடமும் அதிகம் பேசாத நான், கூட்டம் முடிந்ததும் அவர் பின்னால் ஓடினேன்.

"மேடம், அந்தச் சீட்டக் காட்டுங்க. எம்பொண்ணு கையெழுத்து எனக்குத் தெரியும்."

அவர் தமிழ்நாட்டு எல்லையோரம் கொள்ளேகால் பக்கம் போலிருக்கிறது, தமிழிலேயே கேட்டார். "அவளோடதா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

"கொன்னுருவேன்."

"அப்பக் காட்டமாட்டேன்க்கா."

ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது மகள் கேட்டாள், "அந்தப் போலீஸக்கா சீட்ட யாருக்காவது காட்டுவாங்களாம்மா?"

"மாட்டாங்க" என்றேன். அதற்குமேல் கேட்கப் பயமாக இருந்தது. என் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.