மூணாங்குரல்

ஒன்பதே முக்காலுக்கு அவர் பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிய அறைக்குப் பின்னால், குழாயடியில் நின்று கொப்பளித்துக்கொண்டிருப்பார். வெந்நீர், ஒரு சிட்டிகை உப்பு. தலையை அண்ணாந்து, தண்ணீரைத் தொண்டையில் களகளவென்று உருட்டித் துப்பிவிட்டு, எதிரே இருக்கிற வெறும் சுவரைப் பார்த்து "ஆ..." என்று ஒரு சத்தம் கொடுத்துப் பார்ப்பார். குரல் சரியாக விழுந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மார்புக்குக் குறுக்கே போடும் பட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவார். விழவில்லை என்றால் இன்னொரு டம்ளர் வெந்நீர்.

போக்குவரத்துத் தப்புகளையும் சில்லறைக் குற்றங்களையும் விசாரிக்கிற நீதிமன்றம் அது. சிவப்பு விளக்கைத் தாண்டியவர், தலைக்கவசம் போடாதவர், நிறுத்தக்கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தியவர், நடைபாதையில் அனுமதி இல்லாமல் கடை போட்டவர், குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவை உதைத்தவர் என்று ஒரு காலைக்கு நூற்றைம்பது பேர் முதல் மாடி வராந்தாவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது இவர் உத்தியோகம். முப்பத்தொரு வருஷமாக இது ஒன்றுதான்.

பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவதற்கும் ஆள் வராவிட்டால், நீதிபதியின் மேசைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் கிளார்க்கம்மா 'மூன்று முறை அழைத்தும் வரவில்லை' என்று எழுதிவிடுவார். எழுதிவிட்டால் பின்னாலேயே பிடிவாரண்டு புறப்படும். அப்புறம் யார் என்ன சொன்னாலும் அந்த வரியை அழிக்க முடியாது.

முதல் குரல் கூடத்துக்குள்ளே. இரண்டாவது வராந்தாவின் கைப்பிடிச் சுவர் ஓரம். மூன்றாவது, மாடிப்படியின் உச்சியில் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, கீழே வாசல் கேட் வரைக்கும் போகும்படி. இந்த மூன்றும் எல்லா நீதிமன்றத்திலும் உண்டு. இவருடைய சொந்தச் சரக்கு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். திருப்தியில்லாத மாதிரி மறுபக்கம் துடைப்பார். அதற்குள் கழிப்பறையில் மாட்டிக்கொண்டவன் ஓடி வந்துவிடலாம், எதிர்க்கடைக்கு நகல் எடுக்கப் போனவள் சாலையைக் கடந்துவிடலாம். இப்படி ஓர் இடைவெளி எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. வக்கீல்கள் அவருக்கு 'மூணாங்குரல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"என்ன மூணாங்குரல், தொடச்சுத் தொடச்சு கண்ணாடி தேஞ்சுடப் போகுது" என்பார் ஒரு வக்கீல்.

"தேஞ்சா வேற வாங்கிக்கலாம் சார். வாரண்டு போயிட்டா வாங்க முடியுமா?"

முதல்முறை வருகிறவர்களைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். கையில் சம்மனைச் சுருட்டிச் சுருட்டிக் குழலாக்கி வைத்திருப்பார்கள். அவர்களை ஒதுக்கி நிறுத்தி வாத்தியார் வேலை பார்ப்பார். "போனை அணைங்க. மேல் பொத்தானைப் போடுங்க. உள்ள போயி கதை சொல்லாதீங்க, அம்மாவுக்கு நூத்தம்பது கதை இருக்கு. ஒத்துக்கறீங்களான்னு கேட்டா, ஒத்துக்கறேன்னா ஒத்துக்கறேன், இல்லேன்னா இல்லை. அவ்வளவுதான்." அம்மா என்பது நீதிபதி. நல்ல மனுஷிதான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தீர்ப்புச் சொல்கிற மனுஷி. இடைவெளி நீளும்போது உள்ளிருந்து பேனாவால் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்கும். அது இவர் காதில் விழும். விழாத மாதிரி இன்னொரு தரம் துடைப்பார்.

வீட்டிலும் இதே பழக்கம். மனைவியை மூன்று தடவை கூப்பிடாமல் விடமாட்டார். மூன்றாவது எட்டு வீட்டுக்குக் கேட்கும். "ஒரு தடவை கூப்பிட்டாலே வருவேன். நான் என்ன கேசுக்கா வந்திருக்கேன்?" என்று அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து சலித்துக்கொள்வார். ஓய்வுபெறப் பதினாலு மாசம் இருக்கிறது. அதுவரைக்கும் ஒரு மெமோகூட வாங்காமல் போய்விட வேண்டும் என்பது அவருடைய ஒரே பெருமை. இதையும் மூன்று தடவை சொல்வார்.

இப்போது பேசும்போது அவருடைய நாக்கு அடிக்கடி வலது கடைவாய்ப் பக்கம் போய்த் துழாவிவிட்டு வருகிறது. அங்கே ஒரு பல் இல்லை. நான்கு மாசத்துக்கு முன்னால் பிடுங்கியது.

அந்தப் பல் அவரை மூன்று நாளாகப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் காற்று பட்டு உயிர் போகும். வேலையோ வாயைத் திறப்பது. பன்னிரண்டு மணிக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார். பட்டியல் முடிந்ததும் போய்க்கொள்ளலாம் என்று அம்மாவும் சொல்லியிருந்தார். அன்றைக்கு வராந்தாவில் ஒரு பள்ளிக்கூட வேன்காரர் நின்றார். நாற்பது வயசு இருக்கும். மருந்துக்கடை முன்னால், நிறுத்தக்கூடாத இடத்தில் இரண்டு நிமிஷம் வேனை நிறுத்தியதற்காக வந்திருந்தார். உரிமத்தின் நகல் இல்லை.

"நகல் இல்லாம உள்ள போனா இன்னொரு தேதி போட்டுடுவாங்க. எதிர்க்கடையில எடுத்துட்டு வந்துடுங்க தம்பி" என்றார் இவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

"அதுக்குள்ள கூப்பிட்டுட்டா?"

"கூப்பிட்டா என்ன? மூணாவது குரலை உங்களுக்காகக் கையிலயே வெச்சிருக்கேன். போங்க."

வேன்காரர் படியிறங்கினார். கடையில் கூட்டம். இங்கே பட்டியலில் கடைசி ஏழு பெயர்கள். பதினொன்றே முக்கால். வேன்காரர் பெயர் வந்தபோது இவர் எந்தப் பெயரைக் கூப்பிடுகிறோம் என்பதையே கவனிக்கவில்லை. கூப்பிட்ட இடத்திலிருந்து நகரவும் இல்லை. கூடத்து வாசலில் நின்றபடியே மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. கிளார்க்கம்மா அந்த வரியை எழுதினார். இவர் அரக்கப்பரக்கப் பட்டையைக் கழற்றிவிட்டு, பின்பக்கப் படி வழியாகப் பஸ்ஸுக்கு ஓடினார். பல் டாக்டர் ஊசி போட்டு, வாயெல்லாம் மரத்துப் போயிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அப்போது அவரால் பேச முடியவில்லை.

வேன்காரர் நகலோடு மூச்சு வாங்க ஓடி வந்தபோது கூடத்தில் மின்விசிறியை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எழுதியாகிவிட்டது, வக்கீலை வைத்து மனுப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் கிளார்க்கம்மா. அடுத்த வாரம் போடலாம், அடுத்த வாரம் போடலாம் என்று வேன்காரர் தள்ளிப்போட்டார். யார்தான் தள்ளிப்போடவில்லை? பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைப் பூட்டும்போது பிடித்துக்கொண்டு போனார்கள். சனி, ஞாயிறு நீதிமன்றம் கிடையாது. திங்கட்கிழமை கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்மா பிணையில் விட்டு, ஒரு மாசம் தள்ளித் தேதி கொடுத்தார். அன்றைக்கு வேன்காரர் நின்ற நிலையைப் பார்த்து, பயந்து போயிருக்கிறார் என்றுதான் இவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த தேதிக்கு வேன்காரர் எட்டரைக்கே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இவர் கொப்பளிக்கப் போகிற வழியில் பக்கத்தில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் நின்றார். வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டுல அப்பாண்ணே. ஒரு பக்கம் வராது, படுக்கைதான். நான்தான் சோறு ஊட்டி, திருப்பிப் போடணும். வெளிய பூட்டிட்டுத்தான் வேலைக்கு வருவேன். ஸ்டேஷன்ல கால்ல விழாத குறையா சொன்னேன். ஆளை அனுப்பறோம்னாங்க. பக்கத்து வீட்டு நம்பர் என் போன்ல இருக்கு, போனை வாங்கி வெச்சுட்டாங்க."

இவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சத்தம் கேட்டிருக்குண்ணே. சனிக்கிழமை பூரா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. எப்பவும் கூப்பிடறதுதானே, நான் உள்ள இருக்கேன்னு நெனச்சு விட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமை சத்தம் இல்லையாம்." வேன்காரர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் திங்கக்கிழமை போய்த்தான் கதவைத் தொறந்தேன்."

அன்றைக்கு இவருக்குக் குரல் விழவில்லை. நான்கு டம்ளர் வெந்நீருக்கும் விழவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று கிளார்க்கம்மாவிடம் சொல்லிச் சமாளித்தார். வழக்கு மறுபடி தள்ளிப்போனது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி என்னவென்று கேட்டதற்குப் பல் பிடுங்கிய இடம் வலிக்கிறது என்றார். புண் ஆறிப் போய் வெகுநாளாகியிருந்தது.

தீர்ப்பு இந்தச் செவ்வாய்க்கிழமை. வண்டியை நிறுத்திய குற்றம் ஒன்றுமில்லை, அபராதத்தோடு போய்விடும். கூப்பிட்டும் வராத குற்றம் நிரூபணமானால் உரிமத்தில் ஏறிவிடும். உரிமத்தில் அது ஏறினால் பிள்ளைகளை ஏற்றுகிற வேனை அவர் ஓட்ட முடியாது. அதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. இவருக்கு இது நன்றாகத் தெரியும். அதற்கு முந்தின நாள் பூராவும் பஸ்ஸில், வாசற்படியில், படுக்கையில் என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நான்தாம்மா அவரை அனுப்பினேன்.' மூன்றே வார்த்தை. முப்பத்தொரு வருஷமாகக் கத்திப் பழகிய தொண்டைக்கு அது ஒரு பாரமா?

அம்மா அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வழக்குக் கட்டை இரண்டு தடவை புரட்டினார். பிறகு வாசலைப் பார்த்து இவரை உள்ளே அழைத்தார். வழக்கத்தில் இல்லாத காரியம் அது. அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை.

"இவர் அன்னிக்கு வந்திருந்தேன், நகல் எடுக்கப் போயிருந்தேன்னு சொல்றார். நீங்க முறைப்படி மூணு தடவை கூப்பிட்டீங்களா?"

கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. கிளார்க்கம்மா பேனாவை எடுத்துக்கொண்டார். இவர் நாக்கு கடைவாய்க்குப் போயிற்று. பதினாலு மாசம், மெமோ, பென்ஷன் எல்லாம் அந்தப் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

"மூணு தடவை கூப்பிட்டேம்மா."

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று தடவைதான்.

நீதிபதி வேன்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றார் வேன்காரர். "எங்களுக்காகக் கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டு நிப்பாரு, நானே பாத்திருக்கேன். கூப்பிட்டிருப்பாரு. எனக்குத்தான் கேக்கலை."

இவர் வாயைத் திறந்தார். நிச்சயமாகத் திறந்தார், கிளார்க்கம்மாகூடப் பார்த்தார். ஆனால் வாக்கியம் வருவதற்குள் அம்மா எழுதி முடித்துவிட்டார். இரண்டு குற்றமும் நிரூபணம், உரிமத்தில் பதியவும். "அடுத்தது" என்றார்.

வேன்காரர் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் இவரைத் தாண்டும்போது "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த பெயர் நடைபாதையில் சீப்பும் ஊக்கும் விற்கிற ஓர் அம்மாளுடையது. இவர் கூடத்துக்குள் நின்று முதல் குரல் கொடுத்தார். "இங்கதாங்க இருக்கேன்" என்று அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். ஆள் வந்துவிட்டால் இரண்டாவது குரலே கிடையாது. இவரோ அவரைக் கடந்து வராந்தாவுக்குப் போய் இரண்டாவதையும் கூப்பிட்டார்.

"ஐயா, நான்தாங்க அது. இதோ நிக்கறேன்" என்றார் அந்த அம்மாள், பின்னாலேயே வந்து.

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைத்தார். மறுபக்கம் துடைத்தார். உள்ளே பேனா மேசையைத் தட்டியது. இன்னொரு தரம் தட்டியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாடிப்படியின் உச்சிக்குப் போனார். கீழே கேட்டுக்கு வெளியே, சாலையின் அந்தப் பக்கத்துக்கு வேன்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். இவர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, சாலையைத் தாண்டிக் கேட்கிற மாதிரி, வேன்காரரின் பெயரைக் கூப்பிட்டார்.